வளர்கிற பிள்ளைக்கு எத்தனை அங்குலம்?

நியூஜெர்சியில் குளிர் குறையத் தொடங்கும்போதே சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் பற்றிய பேச்சு கிளம்பிவிடும். எட்டு வயது மகள் தானும் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேட்டும் ஹெல்மெட்டும் அணியில் பகிர்ந்துகொள்ளலாம், கையுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்றார் பயிற்சியாளர். கிரிக்கெட்டில் ஊறிய என் கணவருக்குப் பந்தை வெறுங்கையால் பிடித்துத்தான் பழக்கம். ஆகவே தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அளவுக்கு முன்னால் எந்தக் கை என்று பார்க்க வேண்டும். பேஸ்பால் கையுறையை எறியாத கையில்தான் மாட்டுவார்கள். என் மகள் இடக்கையால் எறிபவள். அவளுக்கு வலக்கையில் மாட்டுவது வேண்டும். அட்டையில் ‘எல்.எச்.டி.’ (LHT, இடக்கையால் எறிபவருக்கு) என்று போட்டிருப்பது அதுதான். பிள்ளை எழுதும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொல்லிப் பாருங்கள். வலக்கையால் எழுதி இடக்கையால் எறிகிறவர்களும் உண்டு. நாங்கள் போன கடையில் இடக்கைக்காரர்களுக்கு ஒரு மூலைதான் ஒதுக்கியிருந்தார்கள்.

பெண் குழந்தையைப் பார்த்ததும் விற்பனையாளர் நேரே சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றது, பெண்கள் அதிகம் ஆடுவது) வரிசைக்கு அழைத்துப் போனார். சாஃப்ட்பாலின் சுற்றளவு 11 அல்லது 12 அங்குலம். பேஸ்பால் 9 அங்குலத்தைச் சற்றே தாண்டும். பெரிய பந்துக்காகக் கையுறையில் ஆழமாக அமைத்த, பந்து தங்கும் குழியில் சின்னப் பந்து விழுந்தால், எடுத்து எறிவதற்குள் துழாவ வேண்டியிருக்கும். இவள் ஆடப்போவது பேஸ்பால் என்று சொல்லித் திரும்பினோம். ஹோபோக்கன் சிறுமி மரியா பெப்பேயை அணியிலிருந்து நீக்கி, அது வழக்காகி, 1974-ல் லிட்டில் லீக் பெண்களுக்குக் கதவைத் திறந்தது இதே மாநிலத்து விவகாரத்தால்தான். அந்தச் செய்தி விற்பனையாளர் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலும்.

அங்குலக் கணக்கு, கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியில் தொடங்கி, குழி வழியாக இறங்கி, மணிக்கட்டுப் பக்க விளிம்பு வரை. ஐந்தாறு வயதுக்கு 9 முதல் 10.5, ஏழெட்டு வயதுக்கு 10.5 முதல் 11.5 அங்குலம் என்பது பொதுவான அட்டவணை. “வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிவிடம்மா. அப்புறம் தம்பிக்கும் ஆகும்” என்றார் தொலைபேசியில் மாமியார். நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்! பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துவிடலாம். கையுறையை என்ன செய்வது?

மாமியார் சொன்னதற்காக 12 அங்குலத்தையும் மாட்டிப் பார்த்தோம். கையில் முறத்தைக் கட்டிவிட்டதுபோல் மணிக்கட்டு தொங்கியது. பந்தை உள்ளே வைத்து, உள்ளங்கையைத் தரைப் பக்கம் திருப்பி, இறுக்கி மூடச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கட்டைவிரல் பக்கம் அசையவே இல்லை. பந்து விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. அடுத்து 11 அங்குலத்தில் தடித்த தோல், விலையும் கூடுதல். பெரியவர்களிடம் பல வருடம் உழைக்கும். இவள் பலத்துக்கு அதுவும் மடங்கவில்லை. அதே அளவில் மெல்லிய தோல் வைத்த ஒன்றில்தான் பந்து நின்றது. மணிக்கட்டுப் பட்டையை இறுக்கியபின் கையை உதறியும் கழன்று வரவில்லை. அதையே எடுத்துக்கொண்டோம்.

என்னைக் கேட்டால், அட்டவணையைவிட இந்தச் சோதனைதான் முக்கியம். மூட முடியாத கையுறையில் பந்து பட்டுத் தெறிக்கும். நாலு முறை முகத்துப் பக்கம் தெறித்தால், பந்து வரும்போதே பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பயத்தைப் போக்குவது எளிதல்ல.

வாங்கியபின் பழக்க வேண்டும். மாலையில் அப்பாவோடு எறிந்து பிடிப்பாள். இரவில் குழிக்குள் ஒரு பந்தை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். ஓவனில் வைத்துச் சூடாக்கு என்று குறுக்குவழி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் வறண்டு வெடித்துவிடும். எண்ணெயும் அளவோடுதான், அதிகமானால் கனத்துப்போகும். “ரெண்டு கையாலும் பிடி” என்று கணவர் ஓயாமல் சொல்லும் கிரிக்கெட் பாடம் இங்கேயும் செல்லுபடியாகிறது: பந்து கையுறைக்குள் விழுந்ததும் மற்றக் கையால் மூடச் சொல்லித்தான் பயிற்சியாளரும் கத்துகிறார்.

தம்பிக்கு ஆகும் என்ற கணக்குதான் பலிக்கவில்லை. அவன் வலக்கையால் எறிகிறான். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.