பின்னாடி வந்த ஏர்பஸ்

எறங்க வர்ற ஃப்ளைட்டுகள வரிசைப்படுத்தற கன்ட்ரோலர், அதான் சென்னை அப்ரோச், கேட்டது ஒரே வரிதான். "அஞ்சு மைல் வரைக்கும் 170 மெயின்டெய்ன் பண்ணுங்க." ரன்வேக்கு அஞ்சு மைல் இருக்கற வரைக்கும் ஸ்பீடு 170 நாட்டுல, அதாவது மணிக்கு 170 கடல் மைல்ல, இருக்கணும்னு அர்த்தம். நான் சொன்னதும் ஒரே வரிதான். "அனேபிள், 140 தான் ஆகும்." அனேபிள்னா முடியாது. மொத்தமா பத்து செகண்டு கூட இருக்காது. ஆனா குளிக்கறப்ப, சிங்காநல்லூர் சிக்னல்ல நிக்கறப்ப, ராத்திரி தூக்கம் வராம பொரள்றப்பன்னு இதைய எத்தன தடவ மறுபடி பேசிப் பாத்திருப்பேன்னு கணக்கில்ல. ஒவ்வொரு தடவையும் பதில் மாறி மாறி வருது, அதான் எழுதியாச்சும் பாக்கலாம்னு உக்காந்துட்டேன்.

நான் ஓட்டற குட்டி விமானம் கிங் ஏர் சி90. காத்தாடி சுத்தற ரெண்டு டர்போப்ராப் என்ஜின், ஏறுற வெயிட் எல்லாம் சேத்தி நாலரை டன். கடைசியா 100 நாட்டு பக்கம் வந்து உக்காரும். பின்னாடி வர்ற ஏர்பஸ் 320-க்கு 135, 140 இல்லாம ஆகாது, அதுக்கு மேல ஸ்லோ பண்ணச் சொன்னா அது விழுந்துரும். ஸோ எல்லாத்தையும் ஒரே வரிசையில கோத்து எறக்கணும்னா கன்ட்ரோலருக்கு ஒரே வழி, சின்னவன வெரட்டறது. பீக் அவர்ல அவினாசி ரோட்டு ஃபிளைஓவர்ல டிவிஎஸ் 50 ஏறுனா பின்னாடி இருக்கற பஸ்காரன் என்ன பண்ணுவானோ அதேதான், ஆனா இங்க ஹாரன் கெடையாது, மரியாதையா இங்கிலீஷ்ல கேப்பாங்க. அதுவும் சென்னைல தள்ளி நிக்கறதுக்கும் எடம் கம்மி. ஒரு பக்கம் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ், இன்னொரு பக்கம் அரக்கோணம் நேவி.

தீபாவளி முடிஞ்ச நவம்பர் மாசம். எங்க மொதலாளி பெரியவருக்கு சென்னைல பேங்க் ஆளுங்களோட ராத்திரி மீட்டிங். ஏர் டிஃபென்ஸ் க்ளியரன்ஸ் நம்பர், ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் நம்பர், பிரெத் அனலைசர், சூலூர் ஏர்ஃபோர்ஸ்காரங்க டிராஃபிக்குக்காக கொஞ்ச நேரம் நின்னது, எல்லாம் வழக்கம் போல. மேல ஒண்ணேகால் மணி நேரம் பக்கம், அதுவும் வழக்கம் போல. பெரியவரு பின்னாடி சீட்டுல ஒரு ஹெட்செட்ட மாட்டிட்டு ஏடிசி, அதான் கன்ட்ரோலருங்க, பேசறதக் கேட்டுட்டே வருவாரு. புரியுதோ இல்லையோ அவருக்கு அது ஒரு குஷி. மில்லுல ஓடற மெஷின் சத்தத்த வெச்சே எந்த ஃப்ரேம்ல நூலு அறுந்திருக்குன்னு சொல்ற மனுசன், காது எப்பவும் தீட்டித்தான் இருக்கும்.

சென்னைல 07 ரன்வே, மேகம் கீழ எறங்கி நசநசன்னு மழை. காத்து அஞ்சு நாட்டு கூட இல்ல. நமக்கு முன்னாடி ஒரு போயிங் 777. இதான் விஷயமே. அந்த மாதிரி பெரிய வண்டிய ஹெவிம்பாங்க, ஹெவிக்குப் பின்னாடி நம்மள மாதிரி லைட் வண்டி போனா ஆறு மைல் கேப் விடணும், அதைய கன்ட்ரோலர் சுத்தமா குடுத்திருந்தாரு, அவரு மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா புக்குல இருக்கற ஆறு மைலு வேற, மழைக்குள்ள கண்ணு தெரியாம போறப்ப இருக்கற ஆறு மைலு வேற. பெரிய வண்டி ரெண்டு றெக்கை நுனியில இருந்தும் சுத்திச் சுத்தி ஒரு சுழல் காத்த விட்டுட்டுப் போகும். அது மெதுவா கீழ எறங்கும். நல்லா காத்தடிச்சா அடிச்சுட்டுப் போயிரும். காத்து செத்துக் கெடக்கற நாள்லதான் அங்கியே தொங்கிட்டு இருக்கும். அதனால நாம அவன் போன பாதைக்குக் கொஞ்சம் மேலயே போயி, அவன் உக்காந்த எடத்துக்கு அக்கட்ட போயி உக்காரணும். மேல இருந்துட்டே ஸ்பீடையும் கொறைக்கறதுங்கறது ரெண்டு வேலையும் ஒண்ணுக்கொண்ணு எதிர்.

இப்ப கணக்குப் போடுங்க. அஞ்சு மைல் வரைக்கும் 170. எங்க ரூல் என்னன்னா, மேகத்துக்குள்ள இருந்தா ஆயிரம் அடியில வண்டி ஸ்டேபிளா இருக்கணும், வீல், எறங்கறதுக்காக றெக்கைல எறக்கற ஃப்ளாப், ஸ்பீடு எல்லாம் செட் ஆயிருக்கணும், இல்லீனா கோ அரவுண்ட், அதாவது எறங்காம மறுபடி மேல ஏறிரணும். மூணு டிகிரி சரிவுல ஆயிரம் அடிங்கறது மூணு மைல் பக்கம் வரும். அப்ப நமக்குக் கெடைக்கறது ரெண்டு மைலு, அம்பது செகண்டுன்னு வைங்க. அதுக்குள்ள அம்பது நாட்ட எறக்கணும். அந்த ஸ்பீடுல ஃபுல் ஃப்ளாப்பும் எறக்கக் கூடாது. ப்ராப் வண்டிக்கு ஒரு நல்ல கொணம் உண்டு, பவர இழுத்தா ப்ராப்பே பிரேக்கு மாதிரி காத்தத் தடுத்து நிறுத்தும். வெயில் நாள்ல, முன்னாடி ஹெவி இல்லாதப்ப, நானே இதையப் பண்ணீருக்கேன். கோயமுத்தூர்லயே பண்ணீருக்கேன். இதுதான் என்னையத் தூங்க விடாத ஐட்டம்.

ஏன்னா முடியாதுன்னு சொன்னேன்ல, அது முழுப் பொய்யும் இல்ல முழு உண்மையும் இல்ல. 140-ம் 170-ம் மட்டுமா உலகத்துல இருக்கு. "160 டில் சிக்ஸ் மைல்ஸ்"னு நானே ஒண்ணு சொல்லிருக்கலாம். அந்த நேரத்துல அது வாயில வரல. வரலையா, வர விடலையா?

நான் சொன்னதும் ரேடியோல ஒரு சின்ன கேப். மூச்சு விடற கேப்புதான். அதுக்கப்பறம் அவரு எனக்கு "ரோஜர்"னு சொல்லீட்டு, பின்னாடி இருந்த ஏர்பஸ்ஸக் கூப்புட்டு லெஃப்ட் டர்ன், க்ளைம்புன்னு எடுத்து விட்டுட்டாரு. அந்த கேப்டன் அதைய திருப்பிச் சொல்லி ரீட்பேக் பண்ணுன குரல் இருக்குதே, கோவம் இல்ல, எரிச்சல் கூட இல்ல. வெறுமனே சலிப்பு. "கன்ஃபர்ம், இஸ் தட் ஃபார் டிராஃபிக் அஹெட்?" "அஃபர்ம்." அவ்வளவுதான். நூத்தி எம்பது சீட்டு இருக்கற வண்டி, எங்க நாலு பேருக்காக மழைக்குள்ள திரும்பிப் போச்சு.

ஆயிரத்து ஐநூறு அடி பக்கம் எறங்கறப்ப வலது றெக்கை திடீர்னு கீழ போச்சு. பெருசா ஒண்ணுமில்ல, யாரோ பக்கத்துல வந்து தோள்ல இடிச்ச மாதிரி ஒரு தட்டு. ஸ்டீரிங் மாதிரி இருக்கற யோக்க இடது பக்கம் நல்லா திருப்பிப் புடிச்சேன், ஒரு செகண்டு ஒண்ணும் கேக்கல, அப்பறம் திரும்பி வந்துச்சு. பெரியவரு மடியில இருந்த பேங்க் ஃபைலு சரிஞ்சு கீழ விழுந்து பேப்பரெல்லாம் கால்கிட்ட. மேகத்த விட்டு வெளிய வந்தப்ப ரன்வே லைட்டு எல்லாம் நேரா எரிஞ்சுட்டு இருந்துச்சு, எறக்குனேன், முதல் டாக்ஸிவேலயே வெளிய வந்துட்டேன்.

அந்தத் தட்டையே நான் ரொம்ப நாள் ஆதாரமா வெச்சுட்டு இருந்தேன். பாத்தீங்களா, 777 விட்டுட்டுப் போன காத்து, இதுல 170-ல போயி முன்னாடி இருக்கறவனுக்கு இன்னும் கிட்ட நெருங்கீருந்தா? கேள்வி சரிதான். ஆனா ஒரு நாள் வெள்ளைப் பேப்பர்ல போட்டுப் பாத்தா எதிர்ப்பக்கமும் ஞாயம் இருக்கு. ஸ்பீடு எச்சா இருந்தா றெக்கைய சாய்க்கற நிமித்தற ஐலரான் இன்னும் கெட்டியா வேல செய்யும், அந்த ஒரு செகண்டு கேக்காம போனது கேட்டிருக்கும். நான் ஸ்பீடு கொறச்சதாலதான் அந்தத் தட்டு அவ்வளவு தெரிஞ்சுதோ என்னமோ. அதுக்கப்பறம் அந்த ஆதாரத்த எடுக்கறதில்ல.

பார்க்கிங்ல என்ஜின் ஆஃப் பண்ணி, ஹேண்ட்லிங் வண்டியில பெரியவர ஏத்தி அனுப்பிட்டு, நானும் கோ பைலட் பையனும் ப்ராப்பக் கட்டிட்டு இருந்தோம். கோபிக்காரப் பையன், சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. மழைல நனைஞ்சுட்டே கயித்த இழுத்துட்டு, என்ற மூஞ்சியப் பாக்காம கேட்டான்.

"ஏனுங்ணா, 160 நாம புடிச்சிருப்போமில்லீங்ளா?"

நான் என்ன சொன்னேன்னா, "புடிச்சிருப்போம். ஆனா புடிக்காட்டி?"

"அதுஞ் சரிங்ணா."

அவன் அதோட விட்டுட்டான். நான்தான் விடல. அவன் கேட்டது வண்டியப் பத்தின கேள்வி. நான் குடுத்த பதிலு வண்டியப் பத்தினது இல்ல. பின்னாடி பெரியவரு ஹெட்செட் மாட்டி உக்காந்திருக்காரு, கோ அரவுண்ட் பண்ணுனா "ஏன் கேப்டன் எறக்கல"ன்னு கேப்பாரு, அதைய விட முடியாதுன்னு முன்னாடியே சொல்லீட்டா கௌரவமா இருக்கும்னு உள்ளுக்குள்ள ஏதாச்சும் ஓடுச்சா? ஓடலைன்னுதான் நெனைக்கறேன். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா யோசிப்பேன்.

பெரியவரு விஷயம் வேற மாதிரி ஆயிப்போச்சு. அவரு முழுசையும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்காரு, ஏர்பஸ்ஸத் திருப்பி விட்டது மட்டும் அவருக்கு நல்லா புரிஞ்சுருச்சு. அடுத்த முகூர்த்தத்துல பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம், பந்தியில உக்காந்துட்டு சொந்தக்காரங்ககிட்ட, "நம்ம கேப்டன் ஒரே வார்த்தைங்க, அத்தாம் பெரிய ஏர்பஸ்ஸு, அப்புடியே சைடு வாங்கிப் போயிருச்சுங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. எல மேல பாயாசம் ஊத்திட்டு இருக்காங்க, எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. "அப்புடியெல்லாம் இல்லீங்கய்யா"ன்னு சொன்னேன். அடக்கமா பேசறேன்னு நெனச்சுட்டாங்க. திட்டீருந்தாருன்னா கூட நான் பதிலுக்கு ரூல் சொல்லிச் சமாளிச்சிருப்பேன், பெருமைப்பட்டா என்னத்தச் சொல்றது.

ரூல் என்ற பக்கம்தான், அதுல சந்தேகமே இல்ல. வண்டிய ஓட்டறவனுக்குத்தான் கடைசி முடிவு, கன்ட்ரோலர் சொன்னாலும் சேஃப்டிக்கு ஆகாதுன்னா முடியாதுன்னு சொல்லியே ஆகணும். ஒத்துட்டு அப்பறம் கடைசியில தடுமாறி கோ அரவுண்ட் போனா அவருக்கு இன்னும் சிக்கல், பின்னாடி வர்ற மூணு வண்டியும் கலையும். 2017 ஜனவரியில அரபிக் கடல் மேல சேலஞ்சர் 604-ங்கற ஒரு சின்ன பிரைவேட் ஜெட்டுக்கு என்ன ஆச்சுன்னு இந்த லைன்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் அடி மேல எதுத்தாப்புல ஏ380-ங்கற ரெண்டு மாடி ஏர்பஸ் ஒண்ணு போச்சு, அவ்வளவுதான், கொஞ்ச நேரத்துல இந்தச் சின்ன ஜெட்டு உருண்டு ஆயிரக்கணக்கான அடி கீழ வந்துச்சு. மஸ்கட்ல எறக்கிட்டாங்க, ஆனா உள்ள இருந்தவங்களுக்கு அடி, வண்டி அதோட ஸ்கிராப்பு. என்றது சேலஞ்சர விட ரொம்பச் சின்ன வண்டி. இதைய நெனச்சா நான் பண்ணுனதுதான் சரின்னு நெஞ்ச நிமித்திக்குவேன்.

அப்பறம் அந்தச் சலிச்ச குரல் ஞாபகம் வரும். அந்த வண்டியில இருந்தவங்கள்ல யாராச்சும் கனெக்‌ஷன் விட்டிருப்பாங்க, யாராச்சும் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க. நாங்க போனது வட்டி அரை பர்சென்ட் கொறைக்கறதுக்கு. மும்பைல 2024-ல பிரைவேட் வண்டிக பீக் அவர்ல வரக்கூடாதுங்கற நேரத்த இன்னும் கூட்டுனாங்க. அப்ப எங்காளுக எல்லாரும் கத்துனோம், நானும் கத்துனேன், சின்னவங்கன்னா எளப்பமான்னு. இந்தச் சம்பவத்துக்கப்பறம் அந்தக் கத்தலு முன்ன மாதிரி வரமாட்டேங்குது. அதுக்காக ரோட்டுல எல்லாருக்கும் பாத்தியம் இருக்கற மாதிரி ஆகாசத்துலயும் இருக்குங்கறத விட்டுக் குடுக்கவும் மனசில்ல. மெதுவா போறவனுக்கு எடமே இல்லைன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆம்புலன்ஸ் ஃப்ளைட்டா போற இதே சி90 எங்க எறங்கும்?

இன்னொண்ணையும் சொல்லீர்றேன். ஒரு தடவ மெயின்டனன்ஸுக்காக காலி வண்டிய எடுத்துட்டுப் போனேன். பின்னாடி சீட்டுல ஆளில்ல, வானம் தொடச்சு வெச்ச மாதிரி, இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி தளதளன்னு. அதே அப்ரோச், "170 டில் ஃபைவ்"னு கேட்டாங்க. யோசிக்கவே இல்ல, "வில்கோ", அதாவது சொன்னபடி பண்றேன்னுட்டேன். அழகா புடிச்சேன், அழகா எறக்குனேன், டவர்ல தேங்க்ஸ் கூட சொன்னாங்க. அன்னைக்கு முன்னாடி ஹெவி இல்ல, மழை இல்லைன்னு எனக்கே நான் எடுத்துச் சொல்லிக்கிட்டேன். நெசந்தான். பெரியவரு இல்லைங்கறதும் நெசந்தான்.

கோபிப் பையன் இப்ப ஏர்லைன்ல சேந்துட்டான், ஏர்பஸ்தான் ஓட்டறான். போன வாரம் ஃபோன் பண்ணுனான். பெங்களூர்ல ரன்வேக்கு நேரா ஃபைனல்ல எறங்க வர்றப்ப முன்னாடி ஒரு சின்ன வண்டி ஸ்பீடு புடிக்க முடியாதுன்னு சொல்லி இவங்கள எடுத்து விட்டுட்டாங்களாம். "உங்க ஞாபகந்தானுங்ணா வந்துச்சு"ன்னான்.

"திட்டுனியாடா?"ன்னு கேட்டேன்.

"கேப்டன் திட்டுனாருங்ணா. நான் சும்மா இருந்தனுங்."

சும்மா இருந்ததுக்கு என்ன அர்த்தம்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள அவனுக்கு போர்டிங் கூப்புட்டுட்டாங்க. நாளன்னைக்கு மறுபடி சென்னை இருக்கு, பேங்க்காரங்க இன்னும் எறங்கி வரல. மத்தியானம் ரெண்டு மணி ஸ்லாட்டு எடுத்துக்கலாமுங்கய்யான்னு பெரியவருகிட்ட சொல்லிப் பாத்தேன். சாயந்தரமே போலாமுங் கேப்டன், நீங்க இருக்கறப்ப என்னன்னுட்டாரு. வெதர் சார்ட்டு எடுத்து வெச்சிருக்கேன், மழைதான் போட்டிருக்கு.