என்னைக் கேட்காமலே வந்த வரி ஆணை

அம்பாசமுத்திரத்தில் பாத்திரக் கடை நடத்தும் நான், 2024 ஜூலையில் வங்கிக் கடனைப் புதுப்பிப்பதற்காக ஆடிட்டர் ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்தபோதுதான், ஏப்ரல் மாதமே என் மீது ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டிருப்பதை அறிந்தேன். 2018-19ஆம் ஆண்டுக்கு வரி 1,86,400 ரூபாய், அதற்குமேல் அபராதமும் வட்டியும். முந்தைய டிசம்பரிலேயே ஏற்றப்பட்ட நோட்டீஸ், நாங்கள் திறந்தே பார்க்காத 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற பிரிவில் கிடந்தது. கடைக்குத் தபாலில் எதுவும் வரவில்லை. ஆணையிலோ, வாய்ப்பளித்தும் பதில் இல்லை என்று ஒரே வரி.

கும்பகோணத்து மொத்த வியாபாரி எங்களுக்குப் பில் போட்டுவிட்டு, தம் ரிட்டர்னில் வேறொரு கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்திருந்தார். அதனால், விற்பவர்களின் ரிட்டர்ன்களிலிருந்து எங்கள் கொள்முதலைத் தொகுத்துக் காட்டும் 2ஏ படிவத்தில் அது இல்லை. கொள்முதலில் கொடுத்த வரியை நான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவு செல்லாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உடனே அலுவலகத்துக்கு ஓடி முறையிடலாம் என்றேன். "அண்ணாச்சி, அது வாய்ப்பேச்சோடு போயிரும், இங்கே நாள் ஓடுது," என்றார் ஆடிட்டர். மேல்முறையீட்டுக்கு உரிய மூன்று மாதத்தில் பன்னிரண்டு நாளே மிச்சம். அதன்பின் தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடவும் வழி இருந்தது. பில்லும் வங்கிக் கணக்கும் கையில் இருந்ததால் மேல்முறையீடே போதும் என்று தீர்மானித்தோம். வரியில் பத்து சதவீதமாக 18,640 ரூபாய் கட்டியதும், மீதியை வசூலிப்பது சட்டப்படி நின்றது.

பாதகமான முடிவெடுக்க எண்ணினால், வணிகர் எழுதிக் கேட்காவிட்டாலும் நேரில் விசாரிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75(4)ஆம் பிரிவு. இத்தனை வருட வியாபாரத்தில் இதை நான் அறிந்ததில்லை. மனுவில் முதலில் இதையே எழுதினோம். அடுத்து, 2022 டிசம்பர் 27ஆம் தேதியிட்ட, வரித் துறையின் 183ஆம் சுற்றறிக்கை: 2018-19க்கு, எடுத்த வரவுக்கும் 2ஏ படிவத்துக்கும் ஒரே விற்பனையாளரிடம் உள்ள வேறுபாடு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால், வரி கட்டிவிட்டதாக அவரே தரும் சான்று போதும். அந்த ஒரு தாளுக்காகக் கும்பகோணத்துக்கு இருமுறை போனேன். முதல் முறை கையெழுத்து இருந்தது, தேதி இல்லை.

மேல்முறையீட்டு அதிகாரி இருபது நிமிடம் கேட்டார். பில்லையும் சான்றையும் வரிவரியாக ஒப்பிட்டார். ஆணை ரத்தானது. மேல்முறையீட்டுக்காக முன்கூட்டிக் கட்டிய 18,640 ரூபாய் தானாகத் திரும்பவில்லை. அதற்குத் தனியே விண்ணப்பித்து வட்டியோடு பெற்றோம். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும், கடை திறந்ததும், அந்தக் கூடுதல் பிரிவை நானே பார்த்துவிடுகிறேன்.