சுவர் டைல்ஸ் வெட்ட எதை வாங்குவது?

வீட்டுச் சுவருக்குத் தாங்களே டைல்ஸ் ஒட்ட இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். வாட்ஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு டைலைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு சட்டென்று உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், சாதாரண செராமிக். உறிஞ்சாமல் மேலேயே உருண்டு நின்றால் விட்ரிஃபைடு, அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல். டைல்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13006-இன் பிரிவுகளில், சுவருக்கென்றே வரும் செராமிக் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் வகை, விட்ரிஃபைடு 0.5 சதவீதத்தைத் தாண்டாது. இறுகிய உடம்பு என்றால் வெட்டுவதும் கஷ்டம். எந்தக் கருவி என்பதில் பாதி முடிவு அந்தச் சொட்டிலேயே தெரிந்துவிடும்.

சாதாரண செராமிக் என்றால் கரண்டே தேவையில்லை. கையால் தள்ளும் டைல்ஸ் கட்டர் போதும். சுவர் வேலையில் பெரும்பாலான வெட்டுகள் நேர்கோடுதான். ஓரத்தில் மிஞ்சும் இடத்துக்கு அளந்து வெட்டுவது. அதற்குப் போய் மெஷினை ஓட்டி வீடெல்லாம் புழுதியாக்குவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

கட்டர் உண்மையில் டைலை அறுப்பதில்லை. டங்ஸ்டன் கார்பைடில் செய்த குட்டிச் சக்கரம் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சில் ஒரு கீறல் போடுகிறது, அவ்வளவுதான். கீறலுக்கு நேர் கீழே கட்டரின் அடித்தட்டில் ஒரு மேடு இருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது டைல் அந்த மேட்டின்மேல் வளையப் பார்க்கிறது, மேல்பக்கம் இழுபடுகிறது, கீறல் வாய் திறந்து அடிவரை பிளக்கிறது. செராமிக் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. முழு வித்தையும் இந்தப் பலவீனத்தில்தான் இருக்கிறது.

அதனால்தான் ஒரே ஓட்டம் என்று அடித்துச் சொல்கிறேன். விளிம்பில் தொடங்கி விளிம்பில் முடிய வேண்டும். சர்ர்ரென்று விடாமல் சத்தம் வர வேண்டும். நடுவில் சத்தம் அறுந்தால் அந்த இடத்தில் கீறல் விழவில்லை என்று அர்த்தம். சரியாக விழவில்லையே என்று மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். இரண்டாவது கீறல் முதல் கீறலின் மேலேயே அச்சாக உட்காராது, பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். அழுத்தும்போதும் குத்து விடாமல், நிதானமாக உடம்பு எடையைக் கொடுத்தால் டக்கென்று பிரிந்துவிடும்.

வாங்கும்போது சக்கரத் தலையைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், அந்த ஆட்டம் வெட்டில் அப்படியே தெரியும். சக்கரம் ஓடும் தண்டின் நீளம் உங்கள் டைலின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும், மூலைவிட்டமாக வெட்ட வேண்டுமானால் இன்னும் கூடுதலாக. சக்கரம் மாற்றக்கூடியதா என்றும் கேட்டுவிடுங்கள். தேய்ந்த சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதில் டைல்தான் வீணாகும்.

சரி, கட்டரால் முடியாதவை? விரல் அகலத்துக்கும் குறைவான பட்டைகள், ஸ்விட்ச் பாக்ஸுக்காக எடுக்கும் எல் வடிவ வெட்டு, நடுவில் சதுர ஓட்டை. இங்கேதான் 4 இஞ்ச் கிரைண்டரோ மார்பிள் கட்டரோ வேண்டும். இதிலும் மெஷினைவிட பிளேடைப் பார்த்து வாங்குவதுதான் முக்கியம். ஓரம் முழுவதும் இடைவெளி இல்லாமல் இருக்கும் டைமண்ட் பிளேடைக் கேளுங்கள். பல் பல்லாக வெட்டு விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு நல்லது, டைல் பூச்சை உரித்துவிடும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பிளேடை மூடியிருக்கும் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேடு மாட்டுவது கூடவே கூடாது.

எல் வெட்டில் உள்மூலையில்தான் விரிசல் ஓடும். அந்த மூலையில் முதலில் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் துளை வரைக்கும் வெட்டி வாருங்கள். வட்டமான மூலையில் விரிசல் அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது.

தூசி விஷயத்தில் நான் கறார். டைல் மண்ணில் சிலிக்கா இருக்கிறது. உலர்வாக வெட்டும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. துணி கட்டிக்கொள்வது போதாது, என்95 மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து வெட்டுங்கள். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். ஆனால் அதற்குத் தண்ணீர்க் குழாய் வசதியோடு வரும் மெஷின்தான் வேண்டும், இணைப்பில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் இருக்க வேண்டும். சாதாரண கிரைண்டர்மேல் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது.

குழாய் வரும் வட்டத் துளைக்கு டிரில்லில் மாட்டும் டைமண்ட் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் பிளேடு) போதும். டிரில்லின் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) இயக்கத்தை நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில், சாய்த்துத் தொடங்கிப் பள்ளம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். அவ்வப்போது நிறுத்தி ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் சூடு தணியும்.

வெட்டிய ஓரத்தை டைமண்ட் பேடால் (வைரத்தூள் பதித்த தேய்ப்பான்) பூச்சுப் பக்கமிருந்து முதுகுப் பக்கமாகத் தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் சில்லு பெயரும். ஒட்டும்போது அந்த ஓரம் சுவர் மூலைக்குள் போகட்டும். ஸ்விட்ச் பிளேட் மூடிவிடும் இடத்தில் தேய்க்கக்கூடத் தேவையில்லை.