பழைய சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கப் போறவைக்கு

பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து அட்வான்ஸ் குடுத்திடாதேங்கோ. முதல் கீழ படுத்துச் சசியை, அதாவது வாகனத்தின்ர அடி இரும்புச் சட்டத்தைப் பாருங்கோ. எங்கட உப்புக்காத்துக்குக் கறள் உள்ளுக்கிருந்துதான் தின்னும். பின்சில்லுக்கு மேல சசி வளையிற இடத்தைச் சின்னச் சுத்தியலாலை தட்டினால் நல்ல இரும்பு கணீரெண்டும், உக்கினது பொத்தெண்டும். புதுசாக் கறுப்பு அடிச்சிருந்தால் இன்னும் கவனம்.

ஓடேக்கை ஸ்டியரிங் உதறினால் "வீல் பலன்ஸ்தான்" எண்டுவினம். நம்பாதேங்கோ. முன்சில்லை ஜாக்கில தூக்கி, மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தால் ஒராளைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கோ. அப்பவும் ஆடினால் கிங்பின் (முன்சில்லு திரும்பிற அச்சு) பெயரிங், நிண்டால் வீல் பெயரிங்.

நாலுசில்லு இழுவையைக் காய்ஞ்ச தார்றோட்டில போடக்கூடாது. முன்சில்லையும் பின்சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற டிஃபரென்ஷல் நடுவில இல்லாததால திரும்பேக்கை கியரெல்லாம் முறுகும். மணல்காட்டு மணலில போட்டுப் பாருங்கோ. 1998இல வந்த மொடலில முன்சில்லு இழுக்காட்டில், சில்லை அச்சோட பூட்டிற ஹப்புக்குப் போற வக்கியூம் (காத்து உறிஞ்சிற) குழாயில வெடிப்பிருக்கோ எண்டு முதல் பாருங்கோ. குழாய் மாத்திறது பெரிய செலவில்லை.

கடற்கரையால வந்த அண்டைக்கே அடிப்பக்கத்தை நல்லதண்ணியால கழுவோணும், உவர்க்கிணத்துத் தண்ணி வேண்டாம். றேடியேற்றருக்கு எந்தக் கிணத்துத் தண்ணியும் விடாதேங்கோ, உள்ளுக்கு உப்புப் படிஞ்சு அடைக்கும். கூலன்றும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி விடுங்கோ.