லவுண்டஸ் கவுண்டியின் கொக்கிப்புழு: எதை நம்பலாம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்டஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு). அடியில் சுண்ணக்கல், மேலே நீர் இறங்காத களிமண். செப்டிக் டேங்க் வைக்குமுன் குழியில் நீர் ஊற்றி, ஒரு அங்குலம் வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இங்கே அது லேசில் வடியாது. சாதாரண டேங்க் வைத்தால் மழைக்காலத்தில் கழிவு வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். மேடு எழுப்பிக் கட்டும் அமைப்புக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். அதனால் பல ஏழைக் குடும்பங்கள் குழாயை நேராக வீட்டுக்குப் பின்னால் விட்டுவிடுகின்றன.

கொக்கிப்புழு குடலில் வாழ்வது; மலத்தில் வெளியேறும் முட்டை மண்ணில் பொரிந்து, இளம்புழு தோல் வழியே அடுத்தவருக்குள் புகும். 2017இல் வெளியான ஆய்வில் அங்குள்ள 55 பேரின் மல மாதிரிகளில் 19இல் அதன் டிஎன்ஏ கிடைத்தது. "மூன்றில் ஒருவருக்கு" என்று செய்தி பறந்தது. ஆனால் அந்த 55 பேர் கவுண்டி முழுவதற்கும் பிரதிநிதிகள் அல்லர். அப்பகுதிப் பிள்ளைகளிடம் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில் ஒரு மல மாதிரியில்கூட மண்வழிப் புழு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டும் எப்படி உண்மையாகும்? வயது வேறு, ஆள் தேர்வு வேறு. பொதுவாகச் சோதனை முறையும் முடிவை மாற்றலாம். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) மிகச் சிறிய அளவையும் பிடிக்கும். நுண்ணோக்கிக்கு முட்டை கண்ணில் பட வேண்டும். மாதிரியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து பிசிஆர் பொய்க்கலாம்.

தொற்று இருந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை ஒருவேளை மட்டும். மாத்திரை குழாயைச் சரிசெய்யாது. புழு இல்லை என்பதும் சாக்கடைப் பிரச்சினை இல்லை என்பதும் ஒன்றல்ல. இதைத்தான் அதிகாரிகள் வசதியாகக் குழப்பிக்கொள்வார்கள்.