சாண்ட்பாக்ஸ் படுத்த ராத்திரி
காலை ஏழு மணிக்கு, கோடைத் தொகுத்து டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும் பில்டு சிவப்பு. ஒரே ஒரு டெஸ்ட் ஃபெயில்.

"நேத்து யாரு கோடைத் தொட்டது?" என்று குரூப்பில் கேட்டேன். யாரும் தொடவில்லையாம்.

ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தால், 'பணம் செலுத்து' பொத்தான் மேல் அந்தச் சுற்றும் வட்டம் உறைந்து நிற்கிறது. 30 வினாடி காத்திருந்து டைம் அவுட். பேமென்ட் கம்பெனி சோதனைக்கென்று தரும் சர்வரான சாண்ட்பாக்ஸ் ராத்திரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் கரண்ட் போனதற்கு நம் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

மதியம், பிரௌசரைத் தானாக இயக்கும் டெஸ்ட் கருவியான பிளேரைட்டின் ரூட் வசதியை வைத்து, பிரௌசரிலிருந்து பேமென்ட் கம்பெனிக்குப் போகும் அழைப்பை வழியிலேயே மறித்து, எழுதிவைத்த பதிலைக் கொடுத்தேன். கார்டு மறுப்பு, தாமதம், 'சேவை இப்போது கிடைக்காது' என்னும் 503 பிழை எல்லாம் இப்போது கைவசம். நிஜ சர்வரிடம் கெஞ்சினாலும் கேட்ட நேரத்துக்கு 503 தருமா?

சரி, பேமென்ட் கம்பெனி பதிலின் வடிவத்தையே மாற்றிவிட்டால்? அதற்கென்று நிஜ சேவையைத் தொடும் டெஸ்ட் ஒன்று மட்டும் இரவில் தனியாக ஓடும். அது சிவந்தாலும் ரிலீஸ் நிற்காது.