ஜெபமும் கணக்கு நோட்டும்

இங்கிலாந்தில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் கதையைக் கேட்காமல் வளர்ந்த சபைப் பிள்ளைகள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் குறைவு. காலைச் சாப்பாட்டுக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் அநாதைப் பிள்ளைகளை மேசையில் உட்கார வைத்து ஸ்தோத்திரம் பண்ணுகிறார், கதவு தட்டுகிறது, ரொட்டிக்காரர் நிற்கிறார், பின்னாலேயே பால் வண்டி வாசலில் உடைந்து நிற்கிறது. பிரசங்கம் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு மீதிக் கதைதான் முக்கியம். 1836-ல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் இல்லத்தை ஆரம்பித்த முல்லர் யாரிடமும் பணம் கேட்கவில்லை, சரி. ஆனால் வந்த காசு அத்தனைக்கும் கணக்கு எழுதி அதை அச்சிட்டும் வெளியிட்டார், இல்லத்துக்காகக் கடன் வாங்கவில்லை, பாலுக்கும் ரொட்டிக்கும் வாரக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுக்கிற பழக்கத்தைக்கூட விட்டுவிட்டு அன்றன்றைக்குக் கொடுத்து வாங்கினார். வாரக் கடைசியில் கையில் இல்லாமல் போனால் அது கடைக்காரர் தலையில் அல்லவா விழும். 1898-ல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்திருந்தார்கள். இங்கே களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மாவும் யாரிடமும் கேட்பதில்லை என்ற அதே வழியில்தான் பிள்ளைகள் இல்லத்தை நடத்தினார்.

இதை எழுதக் காரணம், என் வீட்டுக்காரருடைய கம்பெனியில் சம்பளத்தை இழுத்தடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாதம் பாதி, அடுத்த மாதம் "அடுத்த வாரம்". ஜூன் வேறு வந்துவிட்டது. ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாருமே "கர்த்தர் பார்த்துக்கொள்வார், விசுவாசமா இருங்க" என்றார்கள். பார்த்துக்கொள்வார், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு பற்றாக்குறை என்றே தெரியாமல் அவரிடம் எதைக் கேட்பது?

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது வேதத்தில் 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய விதவை. கடன் கொடுத்தவன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறான். செத்துப்போன புருஷன் கர்த்தருக்குப் பயந்தவன் என்று வேதமே சொல்கிறது, அவன்தான் கடனோடு செத்திருக்கிறான்! கடன்பட்டவர்களைப் பார்த்து விசுவாசக் குறைவு என்கிறவர்கள் இந்த வசனத்தை எங்கே வைக்கிறார்களோ தெரியவில்லை. உதவி கேட்டு வந்த அவளிடம் எலிசா தீர்க்கதரிசி கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்கள் கேட்டு வாங்கச் சொல்கிறார். அதாவது நாலு வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும், வெட்கத்தை விடவேண்டும். அந்தக் குடத்திலிருந்து ஊற்ற ஊற்ற எண்ணெய் பெருகி எல்லாப் பாத்திரமும் நிறைந்த பிறகும் அவள் அதை விற்கவேண்டியிருந்தது, விற்ற காசில் முதலில் கடன், மீந்ததில் பிழைப்பு. அற்புதத்துக்கு முன்னாலும் பின்னாலும் வேலை இருக்கிறது, வரிசையும் இருக்கிறது.

அந்த வரிசையைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டோம். குடும்ப ஜெபம் முடிந்ததும் கணக்கு நோட்டைப் பிரித்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எது முதலில் என்று பிள்ளைகளுக்கும் தெரியவே எழுதினோம். பள்ளிக்கூடத்தில் கெடு வருவதற்கு முன்னாலேயே போய்ப் பேசியதில் ஃபீஸைத் தவணையாக வாங்கிக்கொண்டார்கள். பேங்கில் வட்டியை மட்டும் கட்டி மறுபடி மறுபடி அடகு வைத்துக்கொண்டிருந்த சங்கிலியை மீட்டு விற்றாயிற்று. மாமியாருக்கு இதில் வருத்தம்தான், அது அவர் போட்டது. ஆனால் அதை விற்காமல் வெளியில் மூணு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000 போகும், அசல் அப்படியே நிற்கும். அந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டியபோது அத்தையே "வித்துரும்மா" என்றுவிட்டார்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுப்பது பற்றிச் சண்டை வந்தது, வராமல் இருக்குமா. முதலில் கர்த்தருக்கு என்பது அத்தை கட்சி. எனக்கும் அதுதான், ஆனால் வந்த சம்பளத்தில். பாதிச் சம்பளம் வந்த மாதம் அந்தப் பாதியில் பத்தில் ஒன்று. முழுச் சம்பளக் கணக்குக்குக் கைமாற்று வாங்கிக் காணிக்கைக் கவரில் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மனவிருப்பம் இருந்தால் ஒருவனிடம் இருக்கிறதற்குத் தக்கதாக அது ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாததற்குத் தக்கதாக அல்ல என்கிறார். நம் பாட்டிமார் சோறு பொங்குவதற்கு முன்னால் சபைக்கென்று எடுத்து வைத்த கைப்பிடி அரிசியும் அப்படித்தான், தன் வீட்டுப் பானை அரிசியிலிருந்துதான் அந்தக் கைப்பிடி.

அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் காய்கறிகளை விடுகிற ஏலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். ஒரு சுரைக்காய் ஆயிரக்கணக்கில் போகிறது, கூட்டம் கைதட்டுகிறது, எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது என்று அலைகிறார். இருக்கிறவர் சந்தோஷமாக எடுத்தால் நல்லதுதான். இல்லாதவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு "இன்னும் ஒரு நூறு" என்று ஏற்றிவிடுகிற ஆளைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் நினைத்தால் இதை ஒரே கூட்டத்தில் நிறுத்திவிடலாம்.

இவருடைய சம்பளம் இன்னும் சீராகவில்லை, வேறு இரண்டு இடங்களில் எழுதிப் போட்டிருக்கிறார். எங்கள் சபையில் பண்டிகை வருகிறது. வீட்டு முருங்கையில் இப்போது நல்ல காய்ப்பு, ஒரு கட்டு கொண்டுபோய் வைப்போம். ஏலத்தில் எதையும் எடுக்கப்போவதில்லை என்று அத்தையிடமும் சொல்லியாயிற்று.